அடித்த மணியைத் திரும்பப் பெறுதல்

அந்த மருத்துவமனையில் புற்றுநோயைக் குணப்படுத்துவது ஒரு பித்தளை மணி.

வயிற்றைக் கிழிப்பது, மருந்து ஏற்றுவது, தலைமுடியைக் கொட்டவைப்பது எல்லாம் அதற்கான முன்னேற்பாடுகள்தான். கடைசி கீமோ ஏறி முடிந்ததும் நோயாளியைப் புதுத்துணி உடுத்தி வரச் சொல்வார்கள். மூன்றாம் மாடி நடைபாதையில், லிஃப்டுக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவே, இயக்குநரின் படத்துக்குக் கீழே அந்த மணி தொங்கும். கயிற்றைப் பிடித்து ஓங்கி ஓர் அடி. அவ்வளவுதான். நர்சுகள் கைதட்டுவார்கள். லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள், தண்ணீர் பிடிப்பவர்கள், எக்ஸ்ரேக்குப் போகும் வழியில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர்கள் எல்லோரும் கைதட்டியாக வேண்டும். ஸ்ட்ரெச்சர்க்காரர்கள் மட்டும் படுத்தபடியே தட்டிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஓசை அடங்குவதற்குள் அந்த ஆள் நோயாளி என்ற நிலையிலிருந்து வெற்றியாளர் என்ற நிலைக்கு உயர்ந்திருப்பார். கம்ப்யூட்டரில் சிவப்புக் கட்டம் மூடி மஞ்சள் கட்டம் திறக்கும். சிவப்பு ஒருமுறை மூடினால் மூடியதுதான்.

பிரேக் அக்காவுக்கும் அப்படித்தான் குணமாயிற்று.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்க வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடும்போது, பக்கத்து இருக்கையில் தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து, அந்தக் கடவுளின் வேலையைத் தானே செய்து முடிப்பாள். அதனால் கல்லூரிப் பெண்ணிலிருந்து பேரன் எடுத்தவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யாரை என்று பார்ப்பாள்.

சினைப்பையில் கட்டி என்று தெரிந்த அன்று பெரிய டாக்டர் அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்கம்மா. நான் இருக்கேன்," என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அறுவை மேசையில் ஏறினாள், அதைப் பிடித்துக்கொண்டுதான் கீமோவுக்குக் கையை நீட்டினாள். மணி அடிக்கும் நாளும் வந்தது. கயிற்றுக்காகக் கையை உயர்த்தியபோது, வலது அடிவயிற்றில் யாரோ உள்ளே இருந்துகொண்டு ஒரு நூலைச் சுண்டி இழுத்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரியாக அந்த நொடியில் போட்டோ எடுத்தார்கள். படத்தில் அது ஆனந்தக் கண்ணீராக விழுந்திருந்ததால் பெரிதாக்கி நுழைவாயிலில் மாட்டி, அடியில் 'வென்றேன்' என்று போட்டார்கள்.

"முடிஞ்சுதும்மா. போய் வாழுங்க," என்றார் பெரிய டாக்டர்.

வாழப் போனவளோடு வலியும் கிளம்பி வந்துவிட்டது. குனிந்தால் இழுத்தது, வயிறு நிறையச் சாப்பிட்டால் முறுக்கியது, தும்மினால் சுருட்டிப்போட்டது. ஆறிவரும் புண் அப்படித்தான் இருக்கும் என்று அவளே தனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். பருவம் மாறியது, முடி வளர்ந்து வகிடு எடுக்கும் அளவுக்கு வந்தது, வலி மட்டும் குடிவந்த இடத்தைக் காலி செய்வதாக இல்லை. கடைசியில் ஒருநாள், கற்றுக்கொள்ள வந்த பல்டாக்டர் ஒருவர் ரவுண்டானாவைச் சுற்றாமல் ஊடே போக முடிவெடுத்தபோது, அக்கா பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கப் போனாள். உள்ளே நூல் சுண்டியது. கால் எழும்பவில்லை. கைப்பிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்தினாள். கார் பூச்செடிகளுக்கு நடுவே நின்றது. பல்டாக்டர் இறங்கி, இதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா நல்ல மனுஷிதான். "அக்கா, காரை நான் சரி பண்ணிக்கிறேன். உங்க காலை நீங்க சரி பண்ணிட்டு வாங்க," என்றாள். அதுவரைக்கும் வரவேண்டாம் என்பதை அதைவிடப் பதமாகச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அக்காவின் மனசில் ஒரே கேள்விதான். அது திரும்ப வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் வந்துவிட்டது என்று சொல்லட்டும். இல்லையென்றால் இது என்ன என்று சொல்லட்டும். இரண்டில் ஒன்றை யாராவது அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்துச் சொன்னால் போதும். அதைத் தவிர அந்தக் கட்டடத்திடம் அவள் வேறெதையும் கேட்கவில்லை.

சீட்டு கொடுக்கும் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகுலுக்கினாள். வெற்றியாளர்கள் புறநோயாளி வரிசையில் நிற்கக் கூடாதாம். அவர்களுக்கென்று தனி மாடி, குஷன் நாற்காலி, மஞ்சள் திரை, சுவரில் சூரியகாந்தி. இல்லாதது டாக்டர் மட்டும்தான். குணமானவர்களுக்கு எதற்கு டாக்டர் என்பது அந்த மாடியின் கொள்கை. அங்கே மகிழ்ச்சி அலுவலர் என்று ஒரு பெண் இருந்தாள். சிரிப்பைக் காலையில் பொருத்திக்கொண்டு வந்தால் மாலையில் கழற்றும்வரை அது இம்மி நகராது.

வலிக்கிறது என்று அக்கா ஆரம்பித்ததுமே, அந்த வார்த்தை இந்த மாடியில் புழக்கத்தில் இல்லை, 'உணர்வு' என்று சொல்லலாம் என்று திருத்தினாள். பிறகு ஓர் அட்டையை நீட்டினாள். எவ்வளவு வலி என்று காட்டுவதற்காக மற்ற மாடிகளில் வைத்திருக்கும் முகப்படங்கள்தான். சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும். ஆனால் இந்த அட்டையில் அழும் முகங்களின்மேல் சூரியகாந்தி ஒட்டியிருந்தது. மிச்சமிருந்தவை எல்லாம் சிரித்தன. ஒன்று கொஞ்சமாக, ஒன்று பல் தெரிய.

"இதுல நீங்க எந்த முகம்?"

"இதுல நான் இல்லீங்களே. எனக்கு இந்தப் பூவுக்கு அடியில இருக்கு."

"அந்தப் பக்கம் நாம போறதில்லை அக்கா. காட்டினா பழக்கமாயிடும்."

கொஞ்சமாகச் சிரிக்கும் முகத்தில் அலுவலரே ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

அக்கா பெரிய டாக்டரை லிஃப்ட் வாசலில் மடக்கினாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கட்டியின் அளவைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. ஓ, அதுவா, அருமையான கட்டி, முழுசாக வந்தது என்று பழைய சிநேகிதரை விசாரிப்பதுபோல் விசாரித்தார். போனிலேயே அவளுடைய ஸ்கேனை வரவழைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்கேன் அவ்வளவு அழகா இருக்கேம்மா. இதுல வலி எங்கேயும் தெரியலையே."

"எனக்குத் தெரியுதே டாக்டர்."

அவர் அந்தப் பதிலை லிஃப்டோடு மேலே கொண்டுபோய்விட்டார். கதவு மூடும்போது குடல் பிரிவுக்குப் போகச் சொல்லி மட்டும் கையசைத்தார். குடல் பிரிவு குடலைப் பார்த்துவிட்டு, இது நரம்பு என்றது. நரம்புப் பிரிவு, நரம்பு அந்த ஊரிலேயே இல்லை, எலும்பாக இருக்கும் என்றது. எலும்புப் பிரிவில் இருந்தவர் வயிற்றில் எலும்பே கிடையாது என்ற உண்மையை நிதானமாக விளக்கி, எஞ்சியிருப்பது மனசுதான் என்று முடித்தார். இத்தனை பேரில் ஒருவரும் அவளைப் படுக்கச் சொல்லவில்லை. எல்லோரும் அவளுடைய மஞ்சள் கட்டத்தைத்தான் சோதித்தார்கள். மனசுப் பிரிவு அவளை நன்றி வகுப்பில் சேர்த்தது. கண்ணை மூடி, தன்னைக் குணப்படுத்திய கட்டடத்துக்கு மாடி மாடியாக நன்றி சொல்ல வேண்டும். அக்கா நன்றியில் இரண்டாம் மாடிவரை வந்தபோது இருமினாள். வயிறு சுருட்டியது, 'அம்மா' என்று கத்திவிட்டாள். நன்றியுணர்வு பொங்கிவிட்டதாக ஆசிரியை குறித்துக்கொண்டார்.

இதையெல்லாம் வீட்டில் வந்து கணவரிடம் சொல்வாள். அவர் பெயிண்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுப்பவர். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை துடைக்கிற பொறுப்புகூட யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. மனைவி மணி அடித்த புண்ணியத்தில் வெற்றியாளர் குடும்ப மன்றத்தின் செயலாளர் ஆகியிருந்தார். மார்பில் மஞ்சள் பேட்ஜ். குளித்ததும் அதைக் குத்திக்கொண்ட பிறகுதான் காப்பி. ஆனால் அதற்கும் முன்னால் எழுந்து வெந்நீர் வைத்து, ரப்பர் பையில் ஊற்றி, தன் உள்ளங்கையில் சூடு பார்த்து, அவள் வயிற்றில் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து ஒருநாளும் அது தவறியதில்லை. அதனால் உலகமே மஞ்சள் கட்டத்தைப் பார்த்தாலும் தன் வயிறு எங்கே என்று தெரிந்த ஓர் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று அக்கா தைரியமாக இருந்தாள்.

விடாமல் போய் நின்றதில் கடைசியில் மகிழ்ச்சி அலுவலரே இறங்கிவந்து ஒரு ரகசியம்போலச் சொன்னாள். டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை. நோயாளியைத்தான் அவர்கள் தொட்டுப் பார்க்கலாம், வெற்றியாளரைத் தொட வழியில்லை. அக்கா நோயாளியாக வேண்டுமென்றால் அடித்த மணியைத் திரும்பப் பெற வேண்டும். இதுவரை யாரும் பெற்றதில்லை. அதற்கு வெற்றிநிலைப் பாதுகாப்புக் குழு கூட வேண்டும்.

குழு கூடியது. நீள மேசையின் தலைமாட்டில் இயக்குநர். ஒரு பக்கம் பெரிய டாக்டர், சட்ட ஆலோசகர், கட்டடப் பராமரிப்பு இன்ஜினியர். எதிர்ப்பக்கம் மகிழ்ச்சி அலுவலர், அவளுக்குப் பக்கத்தில் குடும்பங்களின் பிரதிநிதியாக மன்றத்தின் செயலாளர். அதாவது அக்காவின் கணவர். காலையில் அவர் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. அவரைப் பார்த்ததும் அக்காவுக்குப் பாதி வலி குறைந்த மாதிரி இருந்தது. நம்ம ஆள் ஒருத்தர் உள்ளேயே இருக்கிறார்.

இயக்குநர் முதலில் நிறுவனத்தின் வரலாற்றைத் தொட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"நம்மகிட்ட வெற்றி நூத்துக்கு நூறு. வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து எப்படின்னு கேக்கறாங்க. ரொம்ப சுலபம். ஜெயிச்சவங்களை மட்டும்தான் நாம எண்ணுறோம். இப்ப ஒருத்தருக்கு வலிக்குதுன்னு ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? நாளைக்கு வலிக்கிறவங்க எல்லாம் வலிக்குதுன்னு வந்து நிப்பாங்க. ஒரு ஆஸ்பத்திரி இதையெல்லாம் தாங்குமா?"

தாங்காது என்று மேசை தலையாட்டியது.

சட்ட ஆலோசகர், வலி என்பது இந்த அம்மா ஒருவர் மட்டும் சொல்வது, அதற்குச் சாட்சி வேண்டும் என்றார். கூடவே இருந்து பார்ப்பவர் யாராவது உண்டா? எல்லோரும் பேட்ஜைப் பார்த்தார்கள்.

"செயலாளரே, வீட்ல எப்படி இருக்காங்க?"

அவர் பேட்ஜின் விளிம்பைத் தடவினார். மேசையைப் பார்த்தார். அன்று காலை வெந்நீர்ப்பையைச் சூடு பார்த்த உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்துவைத்திருந்தார்.

"வீட்ல நல்லாத்தான் இருக்காங்க," என்றார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. உள்ளே இழுத்தது அந்த நூல் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு இயக்குநர் அடுத்த விஷயமான ஆண்டு விழாவுக்குப் போனார். மேடையில் பேச இந்த அம்மாவையே கூப்பிடலாம், படமும் வாசலில் இருக்கிறது, ஜனங்களுக்குப் பழகிய முகம் என்றார்.

"பேச வேணாங்க," என்றாள் அக்கா. "விழா அன்னைக்கு நான் வாசல்ல அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துக்கிறேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. வர்றவங்க மேலயும் பாக்கட்டும், கீழயும் பாக்கட்டும்."

மேசையில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இயக்குநர், நம்முடையது மனிதாபிமானம் உள்ள நிறுவனம் என்பதை எல்லோருக்கும் நினைவுபடுத்தினார்.

அதற்கப்புறம் மணியை எப்படித் திரும்பப் பெறுவது என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு விவாதித்தார்கள். கயிற்றைக் கீழிருந்து மேலாகத் தள்ளலாம் என்று சட்ட ஆலோசகர் சொன்னார். ஓசை அப்போதே ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவருவது தன் துறையின் பொறுப்பில் வராது என்று இன்ஜினியர் கைவிரித்தார். முடிவில், மணியின் நாக்கில் பஞ்சைச் சுற்றி ஓசையில்லாமல் ஒருமுறை அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஏகமனதில் செயலாளரின் மனமும் சேர்த்தி.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் நின்று அக்கா கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"இருக்குன்னு என் வாயால சொல்லிட்டா, நிஜமாவே இருக்குன்னு ஆயிடுமே," என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "அவ்வளவு பேர் முன்னாடி கேட்டுட்டாங்க," என்றும் சேர்த்துக்கொண்டார். முதலில் சொன்னது பயம், அது அவளுக்குப் புரிந்தது. இரண்டாவதாகச் சொன்னதும் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை வெந்நீர்ப்பை வந்தபோது, அங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். மேசையைத்தான் காட்டினாள்.

மணி திரும்பப் பெறும் விழா, இருக்கிற மரபுப்படியே நடந்தது. பழைய துணி உடுத்தி வரச் சொல்லியிருந்தார்கள். இயக்குநர் வருத்தமும் பெருமையும் சம அளவில் கலந்து பேசினார். பஞ்சு சுற்றிய நாக்கு பித்தளையில் பட்டு, தலையணையில் விழுந்த குத்துபோல ஒரு சத்தம் வந்தது. நர்சுகள் கைகளைச் சேர்த்துவைத்து, ஓசைபடாமல் பிரித்தார்கள். அதுதான் கைதட்டலைத் திரும்பப் பெறுவதாம். ஸ்ட்ரெச்சரில் போன கிழவர் ஒருவர் ஒன்றும் விளங்காமல் நிஜமாகவே தட்டிவிட, அவரைத் திரும்பவும் லிஃப்டிலிருந்து வெளியே தள்ளிவந்து சரியாகச் செய்யவைத்தார்கள். போட்டோகிராபர் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் சிவப்புக் கட்டம் திறந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெரிய டாக்டரின் அறையில் அவளைப் படுக்கச் சொன்னார்கள். அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைத்தார். இங்கேயா என்றார். கொஞ்சம் தள்ளி என்றாள். விரலை அழுத்தி எடுத்தார், காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். சுவர்க்கடிகாரத்தில் பெரிய முள் நகர்ந்ததா என்பதே சந்தேகம். "எழுந்துக்கோங்கம்மா," என்றார்.

"திரும்ப வந்திருச்சா டாக்டர்?"

"சேச்சே, இல்லவே இல்லை. இது ஒட்டல். ஆபரேஷன் பண்ணின இடம் ஆறும்போது உள்ள குடலும் சதையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அசைஞ்சா இழுக்கும். மருந்து இருக்கு, உடற்பயிற்சி இருக்கு. நல்லாக் குறையும். சிலருக்கு முழுசாப் போகாது, ஆனா சமாளிச்சுக்கலாம்."

அக்காவுக்கு உட்கார்ந்திருந்த கட்டில் ஒருமுறை ஆடி நின்றது. வரவில்லை. அது வரவில்லை. இத்தனை மாதமாக ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை செத்துப் பிழைத்தது இந்த ஒரு வரிக்காகத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

"இது அபூர்வமா வர்றதா டாக்டர்?"

"அபூர்வமா? நிறைய பேருக்கு வரும்மா. சர்வ சாதாரணம்."

"அன்னைக்கு லிஃப்ட்கிட்ட சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு," என்றார் அவர், கை கழுவியபடி. "ஆனா நீங்க அப்ப வெற்றியாளராச்சே. வெற்றியாளர்கிட்ட இதையெல்லாம் பேசறதில்லை."

"அப்படின்னா மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பெரிய டாக்டர் அவளை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"முன்னாடியே சொன்னா யாரும்மா ஓங்கி அடிப்பாங்க?"

அவர் இதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துண்டில் கையைத் துடைத்து, மருந்து எழுதிக்கொடுத்து, எதுவாக இருந்தாலும் தன்னிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டு வழியனுப்பினார்.

வெளியே நடைபாதையில் அடுத்த மணிக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. மகிழ்ச்சி அலுவலர் ஸ்டூலில் ஏறி மணியின் நாக்கிலிருந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கணவர் கையில் பூங்கொத்தோடு நின்றார். புது வெற்றியாளருக்கு அதைக் கொடுப்பது செயலாளரின் வேலை. அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"என்ன சொன்னாரு?"

"அது வரலை. இது ஒட்டலாம். ஆபரேஷனால வர்றதாம். நிறைய பேருக்கு இருக்காம்."

முதல் வார்த்தைக்கு அவர் முகம் பிரகாசித்தது. கண் கலங்கிக்கூட விட்டது. கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு," என்றார்.

அக்கா அவரைக் கடந்து போனாள். சுவரோரப் பெஞ்சில் புதுத்துணி உடுத்திய பெண் ஒருத்தி, மொட்டைத்தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வயது அக்காவைவிட நிறையக் குறைவு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நீங்களும் அடிச்சவங்களா அக்கா? அடிச்சதுக்கப்புறம் ஒண்ணுமே இருக்காதாமே, எல்லாரும் சொல்றாங்க."

கணவர் பூங்கொத்துக்கு மேலாகக் கண்ணால் கெஞ்சினார். மகிழ்ச்சி அலுவலர் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்கம்மா, எல்லாரும் காத்திருக்காங்க," என்றாள்.

"நோய் போயிருக்கும். அது நிஜம்," என்றாள் அக்கா. குரலை இறக்கவில்லை. "எனக்குப் போயிருச்சு. ஆனா வலி இருக்கு. நிறைய பேருக்கு இருக்காம். கேட்டா இல்லைன்னு சொல்வாங்க, விட்டுடாதே. படுக்கவெச்சு, வயித்துல கையை வெச்சுப் பாக்கச் சொல்லு. அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லு."

நடைபாதையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அம்மாள் குழாயை மூடிவிட்டு அங்கேயே நின்றாள். நர்சுகள் கைதட்டுவதற்காகத் தூக்கிய கைகள் தூக்கியபடி இருந்தன. மகிழ்ச்சி அலுவலர் கயிற்றை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

புதுத்துணிக்காரி எழுந்திருக்கவில்லை. துப்பட்டா முனைக்குள்ளே இருந்த கையை மெல்ல நகர்த்தி இடுப்புக்குக் கீழே வைத்தாள்.

"எனக்கு இடது பக்கம் அக்கா," என்றாள்.